பொருள் எண் நாப்பத்தொண்ணு

பொருள் எண் மூணு ஓடுது. நாப்பத்தொண்ணுக்கு இன்னும் முப்பத்தெட்டு இருக்கு. அதுவரைக்கும் இந்தக் கண்ணு ரெண்டும் தெறந்திருந்தாப் போதும் சாமி, வேற எதுவும் வேணாம். ஆபீஸ் கிளார்க்கு வேலாயுதம் மைக்குல வாயை ஒட்டவச்சுக்கிட்டு ஒரே மூச்சுல படிக்கிறாரு, புள்ளியும் கிடையாது கமாவும் கிடையாது. பன்னிரண்டாவது வார்டு மேலரத வீதித் தெருவிளக்குகளை மாற்றியமைத்தல் மன்றத்தின் அனுமதிக்கு. அம்புட்டுதான். பன்னெண்டாவது வார்டுக்காரரு மேசையைத் தட்டுறாரு, அவரு தட்டுனதும் நாங்க முப்பத்திரெண்டு பேரும் தட்டுறோம், சேர்மன் தலையை ஆட்டுறாரு, அடுத்து நாலு. எங்க முனிசிபாலிட்டில இதுதான் வழக்கம். யார் வார்டு விஷயமோ அவங்க மொதல்ல தட்டணும், அப்பறந்தான் மத்தவங்க தட்டுவாங்க. வார்டுக்காரரு தட்டலேன்னா யாரும் தட்டமாட்டாங்க. சேர்மன் ரெண்டு செகண்டு பாப்பாரு, "ஒத்திவைப்பு"ம்பாரு, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிரும். எந்தச் சட்டப் புஸ்தகத்துலயும் இது கிடையாது. ஒம்பதாவது வார்டுப் பெரியவரு மீன் மார்க்கெட்டை மாத்துற தீர்மானத்துக்கு ரெண்டு வருசமா தட்டவே இல்ல. ஒரு வார்த்தை பேசுனதும் இல்ல. ரெண்டு கையையும் கக்கத்துல சொருகிக்கிட்டு விட்டத்தப் பாத்து ஒக்காந்திருப்பாரு. மீன் மார்க்கெட் இன்னைக்கும் அங்கதான் நாறிக்கிட்டுக் கெடக்கு. நான் மொதக் கூட்டத்துக்கு வந்தப்ப இதெல்லாம் எனக்கு என்ன தெரியும். சத்துணவுல இருபத்தொம்பது வருசம் கரண்டி பிடிச்சவ, பொம்பள வார்டுன்னு ஒதுக்குனாங்க, நிக்கச் சொன்னாங்க, ஜெயிச்சுத் தொலைச்சேன். பக்கத்து நாற்காலி ஜமால் பாய்தான், பதினெட்டாவது வார்டு, காதுக்குள்ள சொன்னாரு, தட்டுங்கக்கா, தட்டுனாத்தான் சீக்கிரம் முடியும், சாப்பாடு ஆறிப்போகும்னு. மூணு வருசமாத் தட்டுறேன். இப்பல்லாம் வீட்டுல மருமக சாம்பார் போதுமா அத்தைன்னு கேட்டா வாயைத் தெறக்குறதுக்கு முன்னாடி கை சாப்பாட்டு மேசையைத் தட்டுது. அவ சிரிக்கிறா. எனக்கே சிரிப்பாத்தான் இருக்கு.

அஞ்சு தட்டியாச்சு. ஆறு, நாய்களுக்குக் கருத்தடை. நாயெல்லாம் எல்லா வார்டுலயும் இருக்குறதுனால யாரு மொதல்ல தட்டுறதுன்னு ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்குறாங்க, கடைசில சேர்மனே தட்டுனாரு. நான் இன்னைக்கு எல்லாத்துக்கும் தட்டுவேன், நாப்பத்தொண்ணுக்கு மட்டும் தட்டமாட்டேன். நாப்பத்தொண்ணு என் வார்டு. பதினேழாவது வார்டு தூய்மைப் பணியாளர் குடியிருப்பு முப்பத்திரண்டு வீடுகளை இடித்து அப்புறப்படுத்தி, குடியிருப்போரைக் கல்கிடங்குமேடு அடுக்குமாடிக்கு மாற்றுதல். நேத்து அஜெண்டா கைக்கு வந்ததுலருந்து மனப்பாடம். இடிக்கட்டும், வேணாங்கல. அந்த லைன் வீடெல்லாம் வீடா? போன ஐப்பசி மழையில அங்க குடியிருக்குற பஞ்சு வீட்டு மச்சுலருந்து ஒரு காரைப் பாளம் பேந்து, வடிச்சு வச்ச சோத்துப் பானைக்குள்ள விழுந்துச்சு. ரெண்டடி தள்ளி விழுந்திருந்தா தொட்டில்ல கெடந்த பேத்தி போயிருக்கும். அதுக்கப்பறம் அந்த வீட்டுல எல்லாரும் நடையிலதான் படுக்குறாங்க. புது வீடு குடுக்கறது நல்ல காரியந்தான், யாரு இல்லேங்கிறா. ஆனா கல்கிடங்குமேடு பதினோரு கிலோமீட்டரு. அஞ்சரைக்கு இங்க மஸ்டர், வேலைக்கு வந்த ஆள் கணக்கு எடுக்குறது. அஞ்சே முக்காலுக்குள்ள மேஸ்திரி போனுல மொகத்தக் காட்டணும், ஒரு நிமிசம் தப்புனா அந்த போனு மொகத்த எடுத்துக்காது. மூணு தடவை அப்படி ஆச்சுன்னா காண்ட்ராக்ட்காரன் வேலைய விட்டு நின்னுக்கம்மாம்பான். அங்கருந்து மொதப் பஸ்ஸு ஆறு பத்துக்கு. வேற என்ன வேணும் வெளங்காமப் போறதுக்கு. வீட்டக் குடுத்து வேலையப் புடுங்குறது. சனங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணு, வெள்ளென நாலே முக்காலுக்கு ஒரு பஸ்ஸு, அது வந்தப்பறம் மாத்துங்கன்னு. ஒரு வரி. தீர்மானத்துல அந்த ஒரு வரி இல்ல. ஒத்திவைப்பு ஆச்சுன்னா அடுத்த கூட்டத்துக்கு மூணு மாசம் இருக்கு, அதுக்குள்ள டிப்போவுக்கு நடையா நடந்து ஒரு பஸ்ஸ வாங்கிரலாம். இன்னைக்குப் பாஸாச்சுன்னா வர்ற ஒண்ணாந்தேதி வீட்டக் காலி பண்ணணும். பஞ்சுதான் சொல்லுச்சு. பஞ்சவர்ணம். பஜார் தெரு கூட்டுறது அதுதான், இந்த மன்றக் கூடத்தையும் அதுதான் கூட்டும். கூட்டம் முடிஞ்சதும் நாங்க எறைச்ச மிச்சரைப் பெருக்கி, மேசையெல்லாம் தொடைக்கும், அதனால எங்க வழக்கமெல்லாம் எங்களவிட அதுக்கு நல்லாத் தெரியும். "நீங்க எந்திரிச்சுப் பேசக்கூட வேணாங்க்கா. ஒங்களுக்குப் பேச வராது. கையை மடியில வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. தட்டாம இருந்தாப் போதும்." இம்புட்டுதான் எங்கிட்ட கேட்டுச்சு. மத்த மெம்பரையெல்லாம் அம்மா, ஐயாங்கும். என்னைய மட்டும் அக்கா. அது மகளுக்கு நான் அஞ்சு வருசம் சோறு போட்டவ.

எட்டு. ஆஸ்பத்திரி வாசல்ல மினி பஸ் நிக்கிற எடத்துக்கு நெழற்குடை. ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. அதைக் கட்டி முடிச்ச மாசம் ஒருவழிப் பாதைன்னு பஸ்ஸ வேற தெருவுல திருப்பி விட்டாங்க, இப்ப அந்த நெழல்ல இளநிக்காரரு சாமானம் வச்சுருக்காரு. தட்டியாச்சு. கொட்டாவி வருது, முந்தானையால மூடிக்கிறேன், சேர்மன் பாத்துட்டாரா? பாத்தாப் பாக்கட்டும். மூணரைக்கு எந்திரிச்சது. பஞ்சு மருமகன் ஆட்டோவ வச்சுக்கிட்டு வாசல்ல நின்னாரு. நான்தான் சொன்னேன், எனக்கு நேர்ல பாக்கணும், காயிதத்துல பாத்தெல்லாம் எனக்கு வெளங்காது, நாலு மணிக்கு அங்க போயி நிப்போம், என்ன பஸ்ஸு வருது, என்ன வராம இருக்குன்னு பாப்போம்னு. பஞ்சு வேணாம்னுதான் சொல்லுச்சு, ஒங்களுக்கு முட்டி வலி, பனியில நிக்கமுடியாதுன்னு. நான் கேட்டாத்தானே. கல்கிடங்குமேட்டுல இறங்குனா ஒரே இருட்டு, நாலு மாடி நாலு மாடியா ஆறு கட்டடம், ஒரு வீட்டுல வெளிச்சம் இல்ல. ஸ்டாப்புல ஒக்கார ஒரு கல்லு கூட இல்ல. நின்னோம். பால் வண்டி போச்சு. மில்லுக்கு ஆள் ஏத்துற பஸ்ஸு ஒண்ணு போச்சு, உள்ள பொண்ணுங்க சன்னல்ல தலையை முட்டுக்குடுத்துத் தூங்குதுங்க. பஞ்சு கையக் காட்டுச்சு, நிக்கல. "பாத்தீங்களாக்கா, அது நம்மளுக்கு இல்ல"ன்னுச்சு. அஞ்சு ஆச்சு. அஞ்சரை ஆச்சு. அந்நேரம் மேஸ்திரி போனை நீட்டிக்கிட்டு நின்னுருப்பாரு, பஞ்சு மொகம் எங்கூட இங்க நிக்கிது. இன்னைக்கு ஒரு தப்பு விழுந்துருச்சு அதுக்கு, எனக்காக. ஆறு பத்துக்கு வந்துச்சு பஸ்ஸு, வண்டி பூரா பள்ளிக்கூடத்துப் பையும் கூடையுமா. கெளம்புற நேரத்துல தூரத்துல ஒரு அம்மா செருப்பக் கையில தூக்கிக்கிட்டு ஓடியாருது. நான் பஸ்ஸோட ஒடம்புல பட்டுன்னு தட்டுனேன். நின்னுச்சு. அந்தம்மா ஏறுனப்பறம் ரெண்டு தட்டு, போலாம். கண்டக்டர் பையன் எட்டிப் பாத்து, "என்ன பாட்டி, டிப்போல இருந்தீங்களா?"ங்கிறான். பாட்டியாம்ல. நான் கண்டக்டர் பொண்டாட்டிடா, முப்பத்தோரு வருசம். மூணாம் நம்பர் டவுன் பஸ்ஸு, எங்க வீட்டுக்காரரு. சொல்லல, வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டேன்.

பதிமூணு. பதினாலு. டீ வருது. பியூன் தங்கராசு தட்டத்த நீட்டுறாரு, ரெண்டு கிளாஸ் எடுத்துக்கிட்டேன், ஜமால் பாய் ஒரு மாதிரி பாக்குறாரு. "என்னக்கா, காலையில சாப்பிடலியா?" "தூக்கம் பாய். இன்னைக்குத் தூங்கக்கூடாது." "இங்க தூங்குறதுக்குத்தானே வர்றோம்"னு சிரிக்கிறாரு, மிச்சர் பாக்கெட்டப் பிரிச்சு கடலையை மட்டும் பொறுக்குறாரு. நாப்பத்தொண்ணுக்கு நான் தட்டப்போறதில்லைன்னு இவர்கிட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. சொன்னா சேர்மன் காதுக்குப் போயிரும், போனா அவரு வந்து பேசுவாரு, பேசுனா நான் எளகிருவேன், என்னைய எனக்குத் தெரியாதா. காலையிலகூட மாடிப்படியில பாத்தாரு. "என்ன மெம்பரே, கண்ணு செவந்துருக்கு? ஒடம்புக்கு முடியலியா? இன்னைக்கு ஒங்க வார்டு விஷயம் இருக்கு, ஞாபகம் இருக்கில்ல? நல்ல காரியம், தட்டி முடிச்சுருவோம்." நல்ல மனுசன்தான். கெட்டவனா இருந்துட்டா எனக்கு இந்தப் பாடே இல்ல. எங்க வீட்டுக்காரரு மதுரை ஆஸ்பத்திரியில தவறுனப்ப, ஆம்புலன்ஸ் கெடைக்காம நானும் எம்மகனும் வராந்தாவுல நின்னோம், இவருதான் ஆள விட்டு வண்டி அனுப்பி ஊரு கொண்டாந்து சேத்தாரு. ராவெல்லாம் கூடவே ஒக்காந்திருந்தாரு. அந்த மனுசன் தீர்மானத்துக்கு நான் தட்டாம இருக்கப்போறேன். நன்றிகெட்டவளேன்னு நெனப்பாரா. நெனைக்கட்டும். நெனைச்சா அடுத்த தடவை சீட்டு குடுக்கமாட்டாங்க, குடுக்காட்டி வீட்டுல ஒக்காந்து முட்டிக்குத் தைலம் தேய்க்கிறேன். நான் பேசிப்பாக்காம இல்ல. போன வாரம் அவரு ரூமுக்குப் போயி பஸ்ஸப் பத்திச் சொன்னேன். "பஸ்ஸு நம்ம கையில இல்லியேம்மா, அது டிப்போ. மொதல்ல மாத்திருவோம், ஆளுங்க போனா பஸ்ஸு தானா வந்துரும்"னாரு. தானா வருமாம். ஸ்டாப்புல ரெண்டு மணி நேரம் நின்னவளுக்குத் தெரியும் தானா வர்ற பஸ்ஸு.

பத்தொம்பது. இருபது. டீ எறங்குனதுதான் மிச்சம், கண்ணு இன்னும் கனக்குது. காத்தாடி வேற, தலைக்கு மேல டொக்கு டொக்குன்னு ஒரே தாளம், ஒரு எறக்கை வளைஞ்சுருக்கு, மூணு வருசமா வளைஞ்சேதான் இருக்கு, ஊருக்கெல்லாம் விளக்கு மாத்துறோம், இந்தக் காத்தாடிய மாத்த ஒரு தீர்மானம் வரல. தொடையக் கிள்ளிக்கிறேன். இருபத்தொண்ணு, பஸ் ஸ்டாண்டு கழிப்பறை. இருபத்திரெண்டு, நாலாவது வார்டு நூலகத்துக் கூரை. தட்டுறேன். கையை மடியில வைக்கிறதுன்னா எப்படி வைக்கிறது, இப்பவே பழகிக்கிறேன், வலது கைய எடது கையால பிடிச்சுக்கிட்டு, இப்படி, நாப்பது முடிஞ்சதும் இப்படி வச்சுக்கணும். சேர்மன் என்னையப் பாப்பாரு. முப்பத்திரெண்டு பேரும் பாப்பாங்க. ரெண்டு செகண்டு. அந்த ரெண்டு செகண்டுதான் எனக்குப் பயமா இருக்கு. ஏன்னு கேட்டா என்ன சொல்ல? ஏன்னு யாரும் கேக்கமாட்டாங்க, ஒம்பதாவது வார்டுப் பெரியவரையே யாரும் கேட்டதில்ல. ஆனா அவரு ஆம்பள. கேட்டா, ஐயா, வெள்ளென நாலே முக்காலுக்கு ஒரு பஸ்ஸு விட்டப்பறம் மாத்துங்கய்யா, அப்படின்னு சொல்லணும். வெள்ளென நாலே முக்காலுக்கு. அதிகாலைன்னு சொல்லணுமோ? அதிகாலை நான்கே முக்கால் மணிக்கு. அய்யோ, வாய்ல வரவே இல்லியே. எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா டிப்போ மேனேஜர்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடுத்தே பஸ்ஸு வாங்கியிருப்பாரு. பஞ்சுகூட அதத்தான் சொல்லுச்சு ஸ்டாப்புல நிக்கிறப்ப, "அண்ணன் இருந்தா நம்ம ஏன் இப்படி நிக்கப்போறோம்"னு. பனின்னு சொல்லிச் செருமிக்கிட்டேன்.

இருபத்தொம்பது. மேல்நிலைத் தொட்டி கழுவுறது. கண்ணை மூடல. எமைய சும்மா எறக்கி வச்சுருக்கேன், வெளிச்சம் குத்துது, அதுக்காக. காது தெறந்துதான் இருக்கு. வேலாயுதம் கொரலு நல்லாவே கேக்குது, முப்பது, முப்பத்தொண்ணு, ஒவ்வொரு ஸ்டாப்பா கூப்புடுறாப்புல. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் கூப்புடுவாரு, பஸ் ஸ்டாண்டு, தேரடி, மில் கேட்டு, கோர்ட்டு, எறங்குறவங்க வாங்கன்னு. கல்யாணமான புதுசுல கடைசி டிரிப்புக்கு என்னைய ஏத்திக்கிட்டுப் போவாரு. ஆளே இருக்காது, பின்னாடி படிக்கட்டுக்கிட்ட இருக்குற சீட்டுல ஒக்காரவச்சுட்டு, ஒவ்வொரு ஸ்டாப்புலயும் விசிலை வாய்லருந்து எடுத்துட்டு, "நீயே தட்டு ராஜகனி"ம்பாரு. எனக்கு வெக்கமா இருக்கும். டிரைவரண்ணன் கண்ணாடியில பாத்துச் சிரிப்பாரு. ஒரு தட்டுன்னா நில்லு, ரெண்டு தட்டுன்னா போலாம். நான் ரெண்டு தட்டு தட்டுவேன், அம்மாம்பெரிய பஸ்ஸு எங்கைக்கு அசையும். அப்படி ஒரு சந்தோசம் அதுக்கப்பறம் எனக்கு எதுலயும் வரல, மெம்பரு ஆனப்பகூட வரல. முப்பத்தஞ்சு. இதைக் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். முப்பத்தாறு. பனி எறங்குது. ஸ்டாப்புல பஞ்சு நிக்கிது, தலையில துண்ட முக்காடு போட்டுக்கிட்டு, பக்கத்துல லைன் சனமெல்லாம் நிக்கிறாங்க, கையில சாப்பாட்டுத் தூக்கு, சில பேரு கையில வெளக்கமாறு. எல்லாரும் ரோட்டு முக்கையே பாக்குறாங்க. வராதுடி, நான் நின்னு பாத்துட்டேன், வராதுங்கிறேன். வெளிச்சம் வருது. மஞ்ச வெளிச்சம், ரெண்டு கண்ணு. மில் பஸ்ஸா? இல்ல, போர்டு வச்சுருக்கு, கல்கிடங்குமேடு டூ பஸ் ஸ்டாண்டு. வந்து நிக்கிது. படியில அவருதான் நிக்கிறாரு, காக்கிச் சட்ட, கக்கத்துல தோல்பை, காதுல சொருகுன பென்சிலு. மெலிஞ்சு போகல, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி எப்படி இருந்தாரோ அப்படி. மணி என்னங்க? நாலே முக்கால். பாத்தியா, நீ கேட்ட நேரம். பஞ்சு ஏறுது, அதும்பின்னாடி ஒவ்வொருத்தரா ஏறுறாங்க, இடிபடாம, எல்லாருக்கும் சீட்டு இருக்கு. பேத்தியத் தோள்ல போட்டுக்கிட்டுப் பஞ்சு மகளும் ஏறுது. விட்டுப் போனவங்க யாரும் இருக்காங்களான்னு திரும்பிப் பாக்குறேன், யாரும் இல்ல, கட்டடத்துல எல்லா வீட்டுலயும் வெளிச்சம் எரியுது. "எல்லாம் ஏறியாச்சா?" ஏறியாச்சுங்க. "எல்லாரும் ஒன்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. நீயே தட்டு ராஜகனி." தட்டுனேன். ரெண்டு தட்டு. பஸ்ஸு அசைஞ்சுச்சு. எம்புட்டு நிம்மதி.

"பொருள் எண் நாப்பத்து நாலு." என்னது? வேலாயுதம் பக்கத்தத் திருப்புறாரு. நாப்பத்து நாலுதான், இருபத்தாறாவது வார்டு மழைநீர் வாறுகால், யாரோ தட்டுறாங்க, எல்லாரும் தட்டுறாங்க. நான் தட்டல. நாப்பதா இருக்கும், நான்தான் தப்பாக் கேட்டுருப்பேன். அஜெண்டாவப் பொரட்டுறேன், பக்கம் ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது, நாப்பத்து நாலு, ஆமா, மழைநீர் வாறுகால். தட்டலதான நான்? தூங்குனவ எப்படித் தட்டுவா. தூங்குனது நல்லதாப் போச்சுன்னுகூட ஒரு நிமிசம் நெனச்சேன், பாவி. தூங்கிட்டா தட்டல, தட்டலேன்னா ஒத்திவைப்பு, தானா நடந்துருச்சு. "பாய், நாப்பத்தொண்ணு வந்துருச்சா?" ஜமால் பாய் கடலையை மென்னுக்கிட்டே, "வந்துபோச்சேக்கா." "ஒத்திவைப்புன்னுட்டாரா?" "எதுக்கு ஒத்திவைப்பு? பாஸ்." எனக்கு ஒண்ணும் வெளங்கல. நான் தட்டாம எப்படிப் பாஸாகும்? "என்னக்கா, நீங்கதானே மொதல்ல தட்டுனீங்க. ஒங்க வார்டுன்னு எல்லாரும் ஒங்களையேதான் பாத்துக்கிட்டு இருந்தோம். நீங்க கண்ண மூடி யோசனையா இருந்தீங்க. சேர்மன்கூட ஒத்திவைப்புன்னு சொல்ல வாயத் தெறந்தாரு, அந்நேரம் ரெண்டு தட்டுத் தட்டுனீங்க. நல்லா பலமா. அப்பறந்தான் நாங்க தட்டுனோம்." கையப் பாக்குறேன். மேசை மேலதான் இருக்கு, உள்ளங்கை செவந்துருக்கு. மடியில எடது கை மட்டும் தனியாக் கெடக்கு.

எந்திரிக்கணும். எந்திரிச்சுச் சொல்லிரணும், ஐயா நான் தூங்கிட்டேன், நான் தட்டுனது அதுக்கு இல்ல, வேறதுக்குன்னு. வேற எதுக்குன்னு கேப்பாங்களே. பஸ்ஸுக்குத் தட்டுனேன்னு சொல்லவா? சிரிப்பாங்க. சிரிக்கட்டும். நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு, வேலாயுதத்துக்குப் பசி வந்துருச்சு, ஓட்டமா ஓடுறாரு, கீழருந்து பிரியாணி வாசம் வருது, ஐம்பது, ஐம்பத்தொண்ணு, அதோட முடிஞ்சது. சேர்மன் மைக்கை இழுத்து, எல்லா உறுப்பினர்களுக்கும் நன்றி, குறிப்பா பதினேழாவது வார்டு உறுப்பினருடைய ஒத்துழைப்புக்கு நன்றிங்கிறாரு, என்னையப் பாத்துச் சிரிக்கிறாரு, நெசமான சிரிப்பு. இப்பச் சொல்லலேன்னா எப்பச் சொல்ல. முட்டிய ஊனி, மேசையப் பிடிச்சு, எந்திரிச்சுட்டேன். ஐயான்னு வாயத் தெறக்குறேன், நாற்காலியெல்லாம் கிரீச்சு கிரீச்சுங்குது, முப்பத்திரெண்டு பேரும் எந்திரிக்கிறாங்க. தேசிய கீதம். அதுக்குத்தான் நான் எந்திரிச்சேன்னு நெனச்சுருப்பாங்க. கையை ரெண்டு பக்கமும் ஒட்டவச்சுக்கிட்டு நின்னேன். முடிஞ்சதும் பின்னாடி கதவத் தெறந்தாங்க, எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க. நான் வேலாயுதத்தப் பிடிச்சேன். தம்பி, நாப்பத்தொண்ணுல ஆட்சேபணைன்னு எழுதிக்கங்கன்னேன். அவரு என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. "அக்கா, மொதல்ல தட்டுனதே நீங்க. முன்மொழிஞ்சவர்னு ஒங்க பேரத்தான் எழுதியிருக்கேன்." நோட்டத் திருப்பிக் காட்டுறாரு. நீல மையில, அழகான கையெழுத்து. முன்மொழிந்தவர், திருமதி ராஜகனி, பதினேழாவது வார்டு. ஒரு வரி பஸ்ஸப் பத்திச் சேத்துக்கங்க தம்பின்னு கெஞ்சுனேன். "மன்றத்துல பேசாதத நான் எழுதுனா எம்வேலை போயிரும்க்கா. அடுத்த கூட்டத்துல மனுவாக் குடுங்க." அடுத்த கூட்டம் மூணு மாசம் கழிச்சு. அடுத்த மாசம் மூணு நாள் மொகத்தக் காட்டமுடியாமப் போனா, அப்பறம் மனுவ வச்சு என்ன செய்ய. அவரும் சாப்பிடப் போயிட்டாரு.

நான் ஒக்காந்தேன். படியில எறங்குனா அடியில பஞ்சு நிக்கும். எறங்காம இருந்தா என்ன, கூடம் காலியாச்சுன்னா அதுதானே கூட்ட வரும். வந்துருச்சு. கையில வெளக்கமாறு, இடுப்புல மேசை தொடைக்கிற துணி. வாசப்படியிலயே நின்னு என்னையப் பாத்துச்சு, எங்கையப் பாத்துச்சு. அந்தக் கைய நான் முந்தானைக்குள்ள சுருட்டி வச்சுருக்கேன். அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் கேட்டுச்சு. "தட்டலேல்லக்கா?" பொய் சொல்லலாம். சேர்மன் ஏமாத்திட்டாரு, எல்லாரும் சேந்து பாஸ் பண்ணிட்டாங்கன்னு சொன்னா நம்பும். எங்க வீட்டுக்காரரு முன்னாடி பொய் சொல்ல வராது எனக்கு, பஞ்சு முன்னாடியும் வராதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. "தட்டிட்டேன் பஞ்சு. தூங்கிட்டேன். தூக்கத்துல தட்டிட்டேன்." காத்தாடி மட்டும் டொக்கு டொக்குங்குது. திட்டும்னு காத்திருந்தேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தா அழுதாவது தொலைச்சிருப்பேன். பஞ்சு பக்கத்துல வந்து, எம்மேசையில கெடந்த டீ கிளாஸ் ரெண்டையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி எடுத்து வச்சுச்சு. ஈரத்துணியால மேசையத் தொடைச்சுச்சு, நான் தட்டுன எடத்தையும் சேத்துத்தான். "எந்தப்புதாங்க்கா. அம்புட்டு வெள்ளென ஒங்களக் கூட்டிட்டுப் போயிருக்கக்கூடாது. நல்லாத் தூங்கியிருந்தா நீங்க தட்டியிருக்கமாட்டீங்க." அப்படின்னு சொல்லிட்டு, குனிஞ்சு மிச்சரக் கூட்ட ஆரம்பிச்சுச்சு, ஜமால் பாய் நாற்காலிக்கு அடியில, அப்பறம் எங்கிட்ட. நான் ஏதோ சொல்லணும்னு வாயத் தெறந்தேன். வெளக்கமாறு எங்காலுகிட்ட வந்து நின்னுச்சு.

"காலத் தூக்குங்கக்கா."

தூக்குனேன்.